இரண்டு சம்பந்திகளும் ஒரு கூடாரத்து நிழலும்

அன்பு மகள் ஹேரானுக்கு,

சியோலிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் வெயிலில் வெந்துகொண்டு சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் விறைத்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அன்றைக்கு ஆற்றங்கரையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் உன் தம்பி வேறு மாதிரி சொன்னால் நீ இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு கேட்கலாம். உன் தம்பி சொகின். அவன் மனைவி நாரே. ஆறு வயதுப் பேத்தி இசோல். மூன்று வயதுப் பேரன் ராவோன். நாரேயின் அம்மா, அதாவது என் சம்பந்தி, நோ இன்சுக் அம்மாள், தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் வெள்ளைக் குடை, கால்சட்டையும் வெள்ளை, பிள்ளைகளோடு தண்ணீருக்குப் போகிற நாளில் வெள்ளை உடுத்தி வந்தார் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள். அப்புறம் நான். அவ்வளவுதான். சம்பந்தி வீட்டுக்காரர் முழங்கால் வலி என்று வரவில்லை, மலையேறும் சங்கத்து நண்பர்கள் கூப்பிட்டால் அந்த முழங்கால் வலிக்காது, அது வேறு கதை.

இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே 'அம்மா, சுருக்கமா சொல்லு, வேலைக்குக் கிளம்பணும்' என்பாய். சுருக்கமாகச் சொல்லக்கூடியதாக இருந்தால் உன் தம்பியே சொல்லியிருப்பான். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சம், எழுத்தில் பிழை இருக்கும், நடந்ததில் பிழை இருக்காது. என் ஞாபகசக்தியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உன் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்ட உன் பெரியப்பா மகன் என்ன நிறத்தில் கழுத்துப்பட்டை கட்டியிருந்தான் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், பாசிப்பச்சை.

இந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமைகூட நாங்கள் வீட்டில் இருக்கவில்லை. எல்லாம் இசோலின் பாலர் பள்ளியால் வந்தது. அங்கே திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொன்றாக எழுப்பி, விடுமுறையில் என்ன செய்தாய் என்று கேட்பார்கள், அப்புறம் அதையே படமாக வரையச் சொல்லிச் சுவரில் ஒட்டுவார்கள். கோடை தொடங்கிய புதிதில் ஒரு திங்கட்கிழமை, முதலில் எழுந்த பையன் ஜெஜு தீவுக்கு விமானத்தில் போய் குதிரை ஏறினேன் என்றானாம். அடுத்தது நம் இசோல். 'நான் பாட்டிகூட உக்காந்து முளைப்பயிறுக்கு வால் கிள்ளுனேன், ஒரு கூடை கிள்ளுனேன்' என்றாளாம். டீச்சர் கைதட்டச் சொன்னாராம், பிள்ளைகளும் தட்டினார்களாம், இசோலுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிவரப் போன நாரே சுவரைப் பார்த்துவிட்டாள். ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் கடலும் கப்பலும், நடுவில் நம் வீட்டு முளைப்பயிறு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வால். அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே 'அத்தை, இனிமே சனிக்கிழமைன்னா எங்கயாவது கிளம்பியே ஆகணும்' என்றாள். முளைப்பயிறு எங்கேயும் போகாது, கிள்ளாமல் போட்டால் சூப்பில் தொண்டையில் மாட்டும் என்றேன், காதில் வாங்கவில்லை.

முதலில் ரப்பர் பந்துகளைத் தொட்டி நிறைய கொட்டி வைத்திருக்கும் விளையாட்டுக் கடைக்குப் போனோம். அங்கே பெரியவர்களும் காலுறை போட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டுமாம், நான் வெறுங்காலோடு போனதால் வாசலிலேயே கரடி பொம்மை போட்ட காலுறையை வாங்கி மாட்டிவிட்டார்கள், அதைப் போட்டுக்கொண்டு அரை நாள் ஒரு பிளாஸ்டிக் காளானின் மேல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் தரையிலிருந்து தண்ணீர் பீச்சும் சதுக்கம், அங்கே சியோலில் பிறந்த அத்தனை பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்கடுத்து அருங்காட்சியகம், பழைய காலத்து ராட்சதப் பல்லியின் எலும்பைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், வந்த கூட்டம் எலும்புக்கு வந்த கூட்டம் இல்லை, ஏசிக்கு வந்த கூட்டம், எலும்புக்கடியில் பாய் விரித்துப் படுக்காத குறை. அப்புறம் வடக்கே மலையோடை. ஓடையில் கால் நனைக்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள், அங்கே எனக்கு ஓடை தெரியவில்லை, கால்கள் தெரிந்தன, கால்களுக்கு நடுவில் கொஞ்சம் ஈரம் தெரிந்தது. எங்கே போனாலும் போனவுடனே போட்டோ. 'இசோல், சிரி. இன்னும் கொஞ்சம். பல்லு தெரியாம சிரி' என்று நாரே சொல்லிக்கொண்டே இருப்பாள், சிரித்து முடித்தவுடன் அடுத்த இடம். ராவோன் பாவம், யார் கையில் போன் பார்த்தாலும் இரண்டு விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், போன வாரம் லிப்டில் போனில் பேசிக்கொண்டிருந்த தபால்காரருக்கும் தூக்கினான்.

இதற்கெல்லாம் நான் முணுமுணுக்காமல் போனேன் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. நாரேக்கு பிள்ளை வளர்ப்பு விடுப்பு முடிகிறது, இலையுதிர் காலம் பிறந்ததும் ஆபீசுக்குத் திரும்புகிறாள். அப்புறம் பகலில் பிள்ளைகள் யாரிடம் என்பதுதான் கேள்வி. இசோல் நடக்கத் தொடங்கியது என் சமையலறையில், முதல் பல் விழுந்தது என் உள்ளங்கையில், அதனால் இதில் கேள்வி என்ன இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் வசந்தத்திலிருந்து சம்பந்தி அம்மாள் அடிக்கடி வந்துபோக ஆரம்பித்தார், வரும்போதெல்லாம் ராவோனுக்கு ஆங்கிலப் பாட்டுப் புத்தகம், பொத்தானை அமுக்கினால் அதுவே பாடும். எனக்குப் புரிந்துவிட்டது. உன் தம்பியிடம் நேராகக் கேட்டேன், 'யாருகிட்ட விடப் போறீங்க?' 'அடுத்த சனிக்கிழமை எல்லாரும் ஆத்துக்குப் போறோம்ல, அன்னைக்கு சாயங்காலம் சொல்றோம்மா' என்றான். ராவோன் என் கையைவிட்டுப் போய்விட்டால் என் பகல்களை நான் என்ன செய்வது, ஹேரான், டி.வி.யில் சமையல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவா. அந்தச் சனிக்கிழமை மற்றவர்களுக்கு உல்லாசப் பயணம், எனக்குப் பரீட்சை.

ஹான் ஆற்றங்கரையில் கோடைக்கு மட்டும் திறக்கும் நீச்சல் குளம் உனக்குத் தெரியும், அங்கே புல்தரையில் இடம் பிடிப்பது ஒரு போர். உன் தம்பியைக் காலையிலேயே கூடாரத்தையும் பாயையும் கொடுத்து அனுப்பினோம். அவன் பிடித்த இடம் கழிப்பறைக்குப் போகும் வழி, ஆனாலும் குளத்துக்குப் பக்கம். கூடாரம் சின்னது, பைகளையும் ஐஸ் பெட்டியையும் வைத்த பிறகு ஒரு ஆள் உட்காரும் நிழல்தான் மிச்சம். இங்கேதான் தொடங்கியது எல்லாம். சம்பந்திக்கு முன்னால் எப்படி இருக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம், அந்த ஊரில் இதெல்லாம் இல்லாமல் நீ மறந்திருந்தால்தான் உண்டு. கால் நீட்டக் கூடாது, முதலில் உட்காரக் கூடாது, முதலில் சாப்பிடக் கூடாது, நல்ல இடத்தை எடுக்கவே கூடாது. 'சம்பந்தி, நீங்க உள்ள நிழலுக்கு வாங்க, உங்க உடம்புக்கு வெயில் ஆகாது' என்றேன். 'ஐயோ, அது எப்படி, நீங்க மூத்தவங்க, நீங்கதான் நிழல்ல இருக்கணும், எனக்கு வெயில்னா ரொம்பப் புடிக்கும்' என்றார். வெயில் பிடிக்கும் என்று சொன்னவர் தலைக்குத் தொப்பி, மேலே குடை, கைக்கு உறை, முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு பூச்சு. போகிற போக்கில் என்னை மூத்தவள் என்றும் சொல்லிவிட்டார், ஒரே ஒரு வயது. உன் தம்பி கல்யாணத்தன்றும் அவர் இப்படித்தான், மேடையில் இரண்டு அம்மாக்களும் சேர்ந்து மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும், நான் நீலப் பாவாடை தடுக்காமல் படி ஏறுவதற்குள் தன் பக்கத்து மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார். நீயும் பார்த்தாய், பார்க்காத மாதிரி இருந்தாய். சரி, நிழலுக்கு வருகிறேன். அவர் எனக்கு விட்டார், நான் அவருக்கு விட்டேன். கடைசியில் பைகள் நிழலில் இருந்தன, நாங்கள் இரண்டு பேரும் கூடாரத்து வாசலில் ஆளுக்கொரு பக்கம் வெயிலில் உட்கார்ந்து ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தோம்.

சாப்பாடும் அப்படியேதான். நான் விடியுமுன் எழுந்து கடல்பாசித் தாளில் சோற்றைப் பரப்பி கிம்பாப் சுருட்டியிருந்தேன், முட்டை, கீரை, கேரட், எதுவும் குறையவில்லை, மக்காச்சோளம் அவித்திருந்தேன், தர்பூசணி ஒன்று ஐஸ் பெட்டியில். அவர் கண்ணாடி டப்பாக்களில் பழத்தை நட்சத்திரமாக வெட்டிக்கொண்டு வந்திருந்தார், கோழி வறுவல் வேறு. நான் அவர் கோழியைப் புகழ்ந்து அதையே தின்றேன், அவர் என் கிம்பாப்பைப் புகழ்ந்து அதையே தின்றார், தன் வீட்டுச் சாப்பாட்டில் கை வைக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. பிள்ளைகள் எதையும் தொடவில்லை. கரையில் அலுமினியக் கிண்ணத்தில் நூடுல்ஸ் கொதிக்கவைக்கும் இயந்திரம் இருக்கிறதே, அதுதான் வேண்டும் என்று அழுதார்கள், உன் தம்பி வரிசையில் நின்று வாங்கி வந்தான், அவனும் அதையே தின்றான். நாரே எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி போட்டோ எடுத்தாள், அப்புறம் அவளும் நூடுல்ஸ்.

அதற்கப்புறம் சொகினும் நாரேயும் இசோலைக் கூட்டிக்கொண்டு சறுக்குமரம் இருக்கும் பெரிய குளத்துக்குப் போனார்கள். போகும்போது நாரே 'ரெண்டு பாட்டியும் இருக்கீங்களே, ராவோனைப் பாத்துக்கங்க' என்று சொல்லி, பிள்ளையை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிறுத்திவிட்டுப் போனாள். யார் கையிலும் கொடுக்கவில்லை, நடுவில் நிறுத்தினாள், அதையும் மனதில் வைத்துக்கொள். நாங்கள் சின்னப் பிள்ளைகள் குளத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்தோம். 'உங்க வீட்டு வாரிசு, நீங்கதான் கையைப் புடிக்கணும்' என்றார் சம்பந்தி. 'நீங்க பெத்த மக வயித்துப் பிள்ளை, உங்களுக்கு இல்லாத உரிமையா' என்றேன் நான். 'உங்ககிட்டதான் அவன் ஒட்டிக்குவான்.' 'உங்களைப் பாத்தாத்தான் அவன் மொகமே மலருது.' அன்றைக்கு முந்திக்கொண்டு பிள்ளையின் கையைப் பிடித்தவள் பிள்ளைக்கு அலைகிறவள் ஆகிவிடுவாள். அதனால் நான் பெருந்தன்மை காட்டினேன், அவரும் காட்டினார். அந்த நேரத்தில் விசில் ஊதினார்கள். அங்கே மணிக்கொரு தரம் ஊதுவார்கள், ஊதினால் குளத்தில் இருக்கும் எல்லோரும் கரையேறி இளைப்பாற வேண்டும், மறுபடி ஊதினால்தான் இறங்கலாம். அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கரைமேல் ஏறி எங்களைச் சுற்றி ஓடின, தொப்பி போடாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதால் எல்லாத் தலையிலும் தொப்பி, பாதித் தலையில் மஞ்சள் தொப்பி. கூட்டம் கலைந்ததும் நான் 'ராவோனுக்குத் துண்டு குடுங்க சம்பந்தி' என்றேன். 'உங்ககிட்டல்ல இருக்கான்' என்றார் அவர்.

இரண்டு பெருந்தன்மைக்கு நடுவில் பிள்ளை நழுவிவிட்டான். விசில் ஊதியதால் குளம் காலியாக இருந்தது. அடித்தரை நீலமாகத் தெரிந்தது, நான் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்தேன், அதில் ஒன்றும் கிடக்கவில்லை. அந்தக் குளம் அவன் இடுப்பளவு. அடுத்த குளம் அப்படியில்லை, அதற்கப்புறம் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஆறு. 

இரண்டு பேரும் ஓடினோம். சம்பந்தி குடையை எறிந்தார், தொப்பி பறந்தது, ஒரு காலில் செருப்பு இல்லை, வெள்ளைக் கால்சட்டை முழங்கால்வரை சேறு. என்ன கத்தினார் என்று கேள். 'ஏலே ராவோனு, எங்கலே கெடக்க, பாட்டி கத்துதேன், காதுல விழலியாலே' என்று கத்தினார். பெண் பார்த்த அன்றைக்கு, நாங்கள் பரம்பரையாக சியோல்தான் என்று உதட்டை அதிகம் திறக்காமல் சொன்ன அம்மாள். அது தெற்குக் கடற்கரை மீன் சந்தைப் பேச்சு, எனக்குக் காது இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தக் குரல் ஆற்றின் மறுகரைக்குக் கேட்டிருக்கும், என் குரல் தொண்டையைத் தாண்டவில்லை. குளத்தைக் காவல் காக்கும் பையன்கள் ஒலிபெருக்கியில் 'மூணு வயசுப் பையன், மஞ்சள் தொப்பி' என்று சொன்னார்கள், கரையில் இருந்தவர்கள் எல்லோரும் அவரவர் பிள்ளையின் தலையைப் பார்த்தார்கள். ஒருவன் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து 'பாட்டி, இவனா?' என்றான். இல்லை. இன்னொருவன் இன்னொன்றைக் கொண்டுவந்தான், அது பெண்பிள்ளை. அதற்கடுத்த பிள்ளைக்குப் பின்னாலேயே அதன் அம்மா ஓடிவந்து என்னைப் பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போனாள். சொகினும் நாரேயும் ஓடிவந்தார்கள், நாரே உதடு வெளுத்து நின்றாள், கையில் போன் இருந்தது, முதல் முறையாக அது யாரையும் பார்க்கவில்லை.

கண்டுபிடித்தது இசோல். குளிர்கிறது என்று துண்டு எடுக்கக் கூடாரத்துக்குப் போனவள் தலையை வெளியே நீட்டி, 'தம்பி இங்கதான் தூங்குறான், நீங்கள்லாம் ஏன் கத்துறீங்க?' என்றாள். நாங்கள் இரண்டு பேரும் உட்காராமல் விட்ட அந்த நிழலில், பைகளுக்குப் பின்னால், தர்பூசணியை ஐஸ் பெட்டியிலிருந்து எப்படியோ உருட்டி எடுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தொப்பியோடு தூங்கிக்கொண்டிருந்தான். அந்தக் கூட்டத்தில் வெயிலுக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அங்கே ஏன் முதலில் பார்க்கவில்லை என்று உன் தம்பி கேட்டான். என்ன சொல்வது. அது நான் சம்பந்திக்குக் கொடுத்த இடம், சம்பந்தி எனக்குக் கொடுத்த இடம், மரியாதைக்கு விட்ட இடத்தை யாராவது எட்டிப் பார்ப்பார்களா.

அன்று, கோடை உச்சத்தில் ஊரே கோழி சூப் குடிக்கும் கொதிநாள் வேறு. திரும்பும் வழியில், கோழிக்குள் அரிசியும் ஜின்செங் வேரும் அடைத்துக் கொதிக்க வைக்கும் கடையில் வரிசையில் நின்று உட்கார்ந்தோம். சூப் வந்ததும் உன் தம்பி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, 'ரெண்டு அம்மாவும் இத்தனை நாள் பட்ட பாடு போதும், இனிமே ஓய்வு எடுங்க, பிள்ளைங்க ரெண்டு பேரையும் சாயங்காலம் வரைக்கும் காப்பகத்துல விட்டுடறோம்' என்றான். அவனோடு சேர்ந்து நாரேயும் தலையாட்டினாள். நான் ஓய்வு வேண்டும் என்று யாரிடம் கேட்டேன்? உன் அப்பாவை வேலையிலிருந்து அனுப்பிய அன்றைக்கும் அந்தக் கம்பெனிக்காரன் இதே வார்த்தையைத்தான் சொன்னான், ஒரு பூச்செண்டும் கொடுத்தான், இங்கே அதுவும் இல்லை. நான் 'சரி' என்றேன். பிள்ளையைத் தொலைத்தவளுக்கு வேறென்ன வாய் இருக்கிறது. கோழியை எலும்போடு விட்டு எழுந்தேன், அது எனக்கு வழக்கமில்லை.

சொகின் வண்டியை எடுத்து வரப் போனான், நாரே பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனாள், கடை வாசலில் நானும் சம்பந்தியும் நின்றோம். அவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார், இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. 'மனசுல வச்சுக்காதீங்க சம்பந்தி. இன்னைக்கு நடந்ததால இல்ல. போன மாசமே முடிவு பண்ணிட்டாங்க, காப்பகத்துல எடமும் பேசியாச்சு. நாரே வாய் தவறி எங்கிட்ட சொல்லிட்டா' என்றார். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 'நீங்க விடியக்காலம் எந்திரிச்சு அத்தனை கிம்பாப் சுருட்டிக்கிட்டு வந்து நிக்கிறீங்க, எந்த வாயால சொல்ல' என்றார். பரீட்சை முடிந்து மார்க்கு போட்ட பிறகு நான் தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். யார் புத்தி இது என்று கேட்டதற்கு அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மறுநாள் உன் தம்பியை உட்கார வைத்துக் கேட்டேன், அவனும் ஒத்துக்கொண்டான்.

நீ சொன்ன வார்த்தைகளை அவன் எனக்கு அப்படியே சொன்னான், நானும் அப்படியே எழுதுகிறேன். 'அம்மாவுக்குக் கை நடுங்குது, வீடியோவுல பாத்தேன். ராவோனை உன் பேரைச் சொல்லிக் கூப்புடுறாங்க. நான் முதியோர் இல்லத்துல தினமும் இதைத்தான்டா பாக்குறேன், இப்படித்தான் ஆரம்பிக்கும். பிள்ளைங்களை அவங்ககிட்ட விடாத, ஏதாவது ஆச்சுன்னா அழுது பிரயோசனமில்ல.' ஊரார் வீட்டுக் கிழவர்களுக்குச் சோறு ஊட்டுகிற வேலை, அதில் நீ கெட்டிக்காரி என்று நானே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் கை நடுங்கியது ஏனென்றால் ஒரு கையில் போன், மறு கையில் கொதிக்கிற சூப் சட்டி, உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று சட்டியை இறக்காமல் நின்றேன். பேர் மாற்றிக் கூப்பிடுவதைச் சொன்னாயே, உன்னைச் சின்ன வயதில் உன் அத்தை பேரில் கூப்பிட்டேன், உன் தம்பி பேரில் கூப்பிட்டேன், அவசரத்தில் நம் வீட்டு நாய் பேரிலும் கூப்பிட்டேன், அப்போது எனக்கு முப்பது வயதுகூட இல்லை. எந்தப் பேரில் கூப்பிட்டாலும் நீ வந்தாய்.

இப்போது குளத்தில் நடந்ததைப் பிடித்துக்கொண்டு, பார்த்தாயா, நான் சொன்னது சரியாகப் போயிற்று என்பாய். அதனால்தான் உன் தம்பி சொல்வதற்கு முன் நானே ஒன்றுவிடாமல் எழுதிவிட்டேன். பிள்ளை நழுவியது என் வயதால் இல்லை, மரியாதையால். அங்கே நான் மட்டும் இருந்திருந்தால் அவன் சட்டைக் காலரை விட்டிருக்க மாட்டேன், அதை நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் ராவோனுக்குத் தெரியும். திங்கட்கிழமை பாலர் பள்ளியில் என்ன நடந்தது தெரியுமா. இசோல் எழுந்து, 'தம்பி காணாம போனான், ரெண்டு பாட்டியும் ஓட்டப்பந்தயம் ஓடுனாங்க, அந்தப் பாட்டி செருப்பு ஆத்துல போயிடுச்சு, ரொம்ப நல்லா இருந்துச்சு' என்றாளாம். இந்தக் கோடையில் இப்படி ஒரு கைதட்டல் யாருக்கும் விழவில்லையாம், ஜெஜு தீவுப் பையன், நாமும் அங்கே போக வேண்டும் என்று வீட்டில் அழுதானாம். நாரே சுவரில் இருக்கும் படத்தைப் பார்க்கப் போகவே இல்லை.

சம்பந்தியை நான் மன்னித்துவிட்டேன். மெழுகுவர்த்தியை மன்னிக்கவில்லை, அவரை மன்னித்துவிட்டேன், செவ்வாய்க்கிழமை பீச் பழம் கொண்டுவந்தார், நான் கால் நீட்டி உட்கார்ந்து தின்றேன், அவரும் நீட்டினார். நாரேயையும் மன்னித்தாயிற்று, அவள் கண்ணில் அன்றைக்குப் பார்த்த பயம் எனக்குப் போதும். உன் தம்பி கடைசியாகப் பேசியவர் சொல்வதைக் கேட்கிறவன், சின்ன வயதிலிருந்து அப்படித்தான், அவனை மன்னிப்பதும் மன்னிக்காததும் ஒன்று. காப்பகத்தில் நேற்று ராவோனை ஒரு மணி நேரம் பழக்கத்துக்கு விட்டார்கள். கதவு மூடும்போது அவன் திரும்பி என்னைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கினான், போட்டோ என்று நினைத்துக்கொண்டான் போல. நான் கையில் போன் இல்லாமல் நின்றேன்.

நீ அந்தப் பேச்சை உன் தம்பியிடம் பேசிய பிறகு எனக்கு எத்தனையோ தடவை போன் செய்தாய், வெயில் எப்படி, மின்விசிறி ஓடுகிறதா, சாப்பிட்டாயா என்று கேட்டாய். நானும் வெயில் அதிகம், ஓடுகிறது, சாப்பிட்டேன் என்று பதில் சொன்னேன். என் முகத்துக்கு நேராக 'அம்மா, உனக்கு வயசாயிடுச்சு' என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், கொஞ்ச நாள் உன் போனை எடுத்திருக்க மாட்டேன், அப்புறம் எடுத்திருப்பேன், கையை நீட்டி நடுங்குகிறதா பார் என்று காட்டியிருப்பேன். அதைச் செய்ய நீ எனக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நோயில்லாமல், பிணக்கில்லாமல், நல்ல சோறு தின்று நீண்ட நாள் இருக்க வேண்டும். இதோடு வரும் பெட்டியில் மிளகாய்த்தூள், காய்ந்த நெத்திலி, வறுத்த கடல்பாசி வைத்திருக்கிறேன், மிளகாய்த்தூளைப் பிரித்த அன்றே குளிர்ப்பெட்டியில் மேல் தட்டில் வை, வெளியே வைத்தால் பூச்சி வரும். குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள், உனக்குத் தொண்டையில்தான் முதலில் பிடிக்கும். அறுவடைப் பண்டிகைக்கு வருவதாயிருந்தால் உன் தம்பியிடம் சொல்லாதே, என்னிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
குவாக் மல்சுன்

ஆற்றங்கரையில் இருந்தவர்களில் நான் மன்னிக்காதவர் யாரும் இல்லை. அங்கே இல்லாதவர்களில் ஒருத்தி இருக்கிறாள். பியோ ஹேரான்.